வெருளிக்குப் பதிலாகக் கட்டிய படம்

பிள்ளைகள், உங்கள் சின்ன மாமாவை நீங்கள் கண்டதில்லை. அம்மாவின் தம்பி, யுத்தத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். அவர் போன விதத்தை இன்றைக்குச் சொல்கிறேன்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம், இரண்டாம் உலக யுத்தம்; திருகோணமலைத் துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல்கள். எனக்கு அங்கே தச்சு வேலை. இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுகிற வீட்டுக்குக் கண்ணூறு படாமல் வாசலில் ஒரு வெருளி கட்ட வேண்டும் அல்லவா? வைக்கோலும் பழஞ்சட்டையும் தேடித் திரிந்த அம்மாவுக்கு அதைவிட நல்லதொன்று கிடைத்தது. கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. துறைமுகக் கிடங்கில் ஒதுக்கிப்போட்ட பழைய தாள்களில்தான் கடைக்காரர்கள் சாமான் சுற்றித் தந்தார்கள். புடைவைக் கடைக்கார நானா சுற்றித் தந்த தாளில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தார் இருந்தார். முறுக்கின மீசை, நேரே நீட்டின விரல். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்த விரல் எங்களையே காட்டும்.

“இஞ்சாருங்கோ, இவர் நிண்டால் ஒரு கண்ணும் அண்டாது” என்றாள் அம்மா. அதைப் பலகையில் ஒட்டி, நெற்றியில் பொட்டும் வைத்து வாசலில் கட்டினாள். கீழே இருந்த இங்கிலீசை வாசிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது.

மாமாவுக்குத் தெரியும். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர். பகலெல்லாம் அந்தப் படத்துக்கு எதிரே நின்று முன்சுவர் பூசியவரும் அவர்தான்.

ஒரு பின்னேரம் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, “அக்கா, நான் ஆமியிலை பேர் குடுத்திட்டன். நாளைக்கு ஸ்டேசனிலை கோச்சி ஏறவேணும்” என்றார்.

அம்மா பகிடி என்று நினைத்தாள். “உன்னை ஆரடா கேட்டது? மீசையும் ஒழுங்கா முளைக்கேல்லை.”

“அந்தா, அவர்தான்.” மாமா படத்தைக் காட்டினார். “நாட்டுக்கு நீ வேணும் எண்டுதான் எழுதிக் கிடக்கு. எத்தினை நாளைக்கு அக்கா அவரின்ரை விரலைப் பாத்துக்கொண்டு சுவர் பூசிறது?”

அம்மா திரும்பிப் படத்தைப் பார்த்தாள். பொட்டு வைத்த தன் கையைப் பார்த்தாள். “கண்ணூறு கழிக்கத்தானேடா கட்டினனான். அது உன்னையெல்லோ கூப்பிட்டிருக்கு!”

மறுநாள் மாமா போய்விட்டார். படத்தை எரிப்போம் என்றேன். “வேண்டாம். பொடியன் இப்ப இவரின்ரை கையிலை” என்று அம்மா அதைக் கழற்றி உள்ளே மாட்டினாள். விளக்கு வைக்கிற நேரம் அதன் முன்னாலும் நிற்பாள். “கூட்டிக்கொண்டு போன நீங்கள்தான் கொண்டுவந்து விடவேணும்” என்பாள்.

சில மாதங்களுக்குப் பின், வேலைத்தலத்துப் பறங்கிக் கிளாக்கரிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேடப் போனேன். அவர் பேயறைந்தவர் போலப் பார்த்தார். அந்தப் படம் இந்த யுத்தத்துக்கு உரியதே இல்லையாம். முந்தின பெரிய யுத்தத்தில் லண்டனில் ஒரு பத்திரிகை அட்டைக்குக் கீறின சித்திரமாம். பிறகு ஊரெல்லாம் ஒட்டினார்களாம். அந்த விரலைப் பார்த்து மற்ற நாட்டாரும் தங்கள் ஆட்களின் படங்களைக் கீறிப் பொடியன்மாரைக் கூப்பிட்டார்களாம்.

“அந்த மீசைக்காரர் அப்ப யுத்த மந்திரி” என்றார் கிளாக்கர். “அந்தச் சண்டை முடிய முந்தியே அவர் போன கப்பல் கடலிலை போட்டிருந்த கண்ணிவெடியிலை அடிபட்டு மூழ்கிட்டுது. அவரின்ரை உடம்புகூடக் கிடைக்கேல்லை.”

அன்றைக்கு உளியை நேரத்தோடே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன். விளக்கேற்ற எடுத்த நெருப்புப்பெட்டி அவள் கையில் இருந்தது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரிட்டைக் கேட்டனான்?” என்றாள்.