துரையைக் கொன்ற விஜயலெட்சுமி

பதுளைக்கு நர்ஸ் படிப்புக்குப் போன கருப்பம்மா மகள் விஜயலெட்சுமி, ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கொன்றுவிட்டாள் என்று 2006இல் மேமலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் ஒரே பேச்சு. அதுவும் மூன்று தடவை. சிலர் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் எந்தத் துரை என்று ஆவலாய் விசாரித்தார்கள்.

உண்மையை அறியப் பதுளைக்குப் போனால், அந்தத் தனியார் தாதியர் பள்ளியில் பிணம் இல்லை. ஒரு கணினி இருந்தது. அதற்குள் தோமஸ் என்றொரு வெள்ளைக்கார நோயாளி. நெஞ்சைப் பிடிப்பார், வியர்ப்பார். மாணவி சரியான பொத்தான்களைச் சரியான வரிசையில் அமுக்கினால் பிழைப்பார், பிசகினால் செத்துப்போவார். இன்னொரு பொத்தானை அமுக்கினால் எழுந்து உட்கார்ந்து, புதிதாக நெஞ்சைப் பிடிப்பார். துரைமாருக்குச் சாவிலும் வசதி.

விஜயலெட்சுமி மூன்று முறையும் ‘மேலிடத்துக்கு அறிவி’ என்பதை முதலில் அமுக்கிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தாள்.

“என்ன பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? ஆள் முடிஞ்சுது,” என்றார் யாழ்ப்பாணத்து யோகமலர் மிஸ்.

“துண்டு வரணும்ல மிஸ்?”

தோட்டத்தில் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, டொக்டர் ஐயா அனுமதித் துண்டு எழுத வேண்டும். துண்டில்லாமல் லொறி நகராது. பிறந்ததிலிருந்து அவள் கண்ட முறை அது. வகுப்பே சிரித்தது.

“உந்தப் பழக்கத்தை விடும். இன்னொருக்கா கொன்றால் சோதனைக்கு விடமாட்டன்.”

பழக்கத்தை விட்டாள். ஞாயிறுகளில் தோட்டத்துக்கு வந்து, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராசம்மாவின் கையில் நாடி பிடித்துப் பழகினாள்.

“தொரைக்குத்தான் வைத்தியமா? என் குதிங்கால்ல ஏறுன தேயிலக் குச்சிய எப்ப எடுப்ப?”

“பரீட்சை முடியட்டும் அத்த. சத்தியமா எடுக்கிறேன்.”

பரீட்சையில் தோமஸ் பிழைத்தார், துண்டில்லாமலே. நூற்றுக்கு நூறு.

அதைச் சொல்ல அவள் தோட்டத்துக்கு வந்த சனிக்கிழமை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராசம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோமஸைப் போலவே வியர்த்தாள். விஜயலெட்சுமி அவளைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டுக் கொழுந்து லொறிக்கு ஓடினாள்.

“துண்டு எங்க தங்கச்சி?” என்றான் டிரைவர் புவனேந்திரன்.

“அதெல்லாம் வேணாம்ண்ணே. ஒடனே ஏத்தணும். நான் படிச்சிருக்கேன்.”

“நீ படிச்சிருக்க. வேல போனா எனக்குல்ல போகும்.”

டொக்டர் ஐயா பண்டாரவளையில் கல்யாணப் பந்தியில் இருந்தார். பொழுது சாய்வதற்குள் ராசம்மா முடிந்துபோனாள். துண்டு மறுநாள் காலையில் வந்தது. அழகான கையெழுத்து, ‘அவசரம்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அப்போது ராசம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தொரையவே கொன்னவ. ராசம்மா எந்த மூலைக்கு?” என்றார் வாசலில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிணத்தின் காலைக் கழுவிய கருப்பம்மா, மகளை நிமிர்ந்து பார்த்தாள். “குச்சி இன்னும் உள்ளதான்டி இருக்கு.”

விஜயலெட்சுமி ஊசியை எடுத்து வந்தாள்.

“பொணத்தக் குத்துவாங்களா?” என்று பெண்கள் அவள் கையைத் தட்டிவிட்டார்கள்.

குச்சியோடுதான் புதைத்தார்கள்.