அவனை அங்கே அனுப்பியது நான்தான்

இது நடந்தது. சொன்னால் பாதிப் பேர், "வெயில்ல மூளை உருகியிருக்கும்" என்கிறார்கள். நான் பஸ் டெப்போவில் மெக்கானிக். வெயில் எனக்குப் புதிதில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி நம்பவைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

டெப்போவுக்கு முன்னால் நான் பட்டாளத்தில் இருந்தேன். அங்கே என் கூட்டாளி நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம், வாயைத் திறந்தால் கிண்டல். காவல் சாவடியில் நாங்கள் ஜோடி. ஒருவன் தூங்கினால் ஒருவன் விழித்திருப்பான். எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் சாவடியைத் தாக்கினார்கள். நெட்டை செத்துப்போனான்.

எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டை கசங்கும் என்று உட்காரவே யோசிக்கிற ஆள். "காவலில் தூங்கிவிட்டான், அதனால்தான் சாவடி போயிற்று" என்று அவர் சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? மரியாதை இல்லை, குண்டு முழக்கம் இல்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவரோர மூலையில் புதைத்தார்கள். தெருவில் அவன் அம்மாவுக்கு 'தூங்குமூஞ்சியைப் பெத்தவ' என்றே பெயராகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பெயரோடுதான் அவள் செத்தாள்.

பதினோரு வருஷம் கழித்து நெட்டையின் அக்கா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஓய்வு பெற்ற இஸ்திரி ஏதோ மேடையில் கடமையைப் பற்றிப் பேசுகிறார். கடமை தவறியவனுக்கு உதாரணம் நெட்டை, பெயரோடு. கூட்டம் கைதட்டுகிறது.

அக்கா போன் செய்தாள். "நீதானடா அவன்கூடவே இருந்த. உண்மையைச் சொல்லு. என் தம்பி தூங்கினானா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் கோபமே. அன்றிரவே பஸ் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தேன். புல் வெட்டுகிறவர் மட்டும் இருந்தார்.

"அந்த மூலைக்கா? போங்க. உக்காந்து கண்ணு மட்டும் அசந்துடாதீங்க."

"ஏன்?"

"தூங்க விடாது சார்."

எறும்பைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நெட்டையின் கல்லறையைச் சுற்றி முழங்கால் உயரப் புல். தலைமாட்டில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடம் மொட்டையாக இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு பாதம் அளவு. மண் இறுகிக் கிடந்தது. யாரோ வருஷக்கணக்கில் அங்கேயே நின்ற மாதிரி.

நான் இருந்த கோபத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சொல்லித் தொலைடா, தூங்கினியா இல்லையா?" என்று கல்லைப் பார்த்துக் கத்தினேன். பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த அசதி. கண் சொருகியது.

இடது கால் கட்டைவிரலை யாரோ அழுத்தினார்கள். இரண்டு தடவை. பிறகு ஒரு திருகு.

காவலில் ஒருவனைத் தோளைத் தொட்டு எழுப்ப மாட்டோம். திடுக்கிட்டுச் சுட்டுவிடுவான். எட்ட நின்று பூட்ஸ் நுனியை இரண்டு தடவை அழுத்துவோம். எழுந்திரு, உன் முறை என்று அர்த்தம். கடைசியில் திருகுகிறவன் எங்கள் படையிலேயே நெட்டை ஒருவன்தான்.

கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. தூரத்தில் கத்தரிச் சத்தம். டக்... டக்... புல்வெட்டுகிறவர் அங்கேதான் இருக்கிறார்.

என் ஷூவைப் பார்த்தேன். நுனியில் ஒரு பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே... பள்ளம் ஆழமானது.

துப்பாக்கி எண்ணெய் வாசனை.

தலைக்கு மேலே மூச்சு. நாள்கணக்கில் தூங்காதவன் நின்றுகொண்டே இழுக்கிற மூச்சு...

புரிந்துவிட்டது. இவன் தூங்கவில்லை. இவனை மாற்றிவிட யாருமே வரவில்லை. இன்றுவரை.

பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது.

"என்னை ஏன்டா எழுப்புற? ஆள் மாத்தி அனுப்ப வேண்டியது யாரு? போ. போய் அந்த இஸ்திரியை எழுப்பு."

மூச்சு நின்றது.

சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம். சரக்... சரக்...

கேட் திறந்தது. மூடியது.

மணி நாலு பத்து.

புல்வெட்டுகிறவர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். "யாரு சார் வெளிய போனது?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் பட்டாளத்துப் பழைய சமையல்காரர் டெப்போவுக்கு வந்தார். இஸ்திரி இருக்கிற தெருவில்தான் அவரும் இருக்கிறார். கல்லறையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். நான் அங்கே போனதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இஸ்திரி கதை கேட்டியா? சாயங்காலம் நாலே காலுக்கு நாற்காலியில தூங்கிட்டு இருந்தாராம். காலை இழுத்துக்கிட்டு அலறி எழுந்தாராம். வாசல்ல போய் நின்னவர்தான். இன்னும் நிக்கிறார்."

எந்தத் தேதி என்று கேட்டேன். அதே நாள்.

டாக்டர் ஊசி போட்டால் கண் மூடுகிறதாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது, துள்ளி எழுந்து மறுபடி வாசலுக்குப் போகிறாராம். சட்டை கசங்கி நாறுகிறது. இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறாராம். "அவன் தூங்கல. ரெண்டு நாளா நின்னான். ஆள் மாத்தி அனுப்பாம நான்தான் தூங்கிட்டேன்."

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள்.

"போதும்டா, வந்து படுன்னு கல்லறையில சொல்லிட்டு வரட்டுமா அக்கா? அந்த ஆள் செத்துடுவார் போலிருக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா எத்தனை வருஷம் தூங்காம கிடந்தா தெரியுமா? நிக்கட்டும்."

நான் இதுவரை கல்லறைக்குப் போகவில்லை.