அழ வந்தவளிடம் ஐந்து சதம்

ஞானம்மா அக்கா வெளியூரில் காலமான செய்தியை என் கையாலேயே எழுதினேன். சென்ற வாரம் ஒரு காலை, நான் வேலை செய்யும் தந்திக் கந்தோர் திறந்த சிறிது நேரத்தில் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. தந்தி எடுக்கும்போது காது எழுத்துகளை மட்டுமே பிடிக்கும். பொருள் பிறகுதான் மனத்தில் ஏறும். தாளைக் கிழித்து மடிக்கப் போனபோதுதான் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய தம்பிக்கு வந்த தந்தி அது. சேவகனிடம் கொடுக்காமல் நானே சைக்கிளில் கொண்டுபோனேன். வழியில் எனக்கு அழுகை வரவில்லை. "மெதுவாப் போ தம்பி, செத்தவளுக்கு என்ன அவசரம்" என்று அவர் அதட்டுவதுபோலவே இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆஸ்பத்திரி மருத்துவிச்சி. விதவை. ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த கோயிலில் முன்வரிசையில் நின்று எல்லோருக்கும் மேலாகப் பாடுபவர். டாக்குத்தரானாலும் நிலக்காரப் போடியாரானாலும் எழுந்து நின்று பேசும் வழக்கம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் நினைவு மண்டபத்து வாசலில் நடந்ததை, அன்று எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் நான் என்பதால், நானே சொல்லியாக வேண்டும்.

மண்டூர்த் திருவிழா முடிந்து வாவியைக் கடந்து திரும்பிய தோணியொன்று கச்சான் காற்றில் புரண்ட நாளில்தான் அவரை முதலில் கண்டேன். ஏற்றக்கூடாத அளவு சனத்தை ஏற்றியிருந்தார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சிலரே. பெயர்களைக் கேட்டுத் தந்தி அனுப்ப என்னைக் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். நனைந்த சாமான்களையெல்லாம் ஒரு பொலிஸ்காரர் காலால் ஒதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். பிரேதங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"காலை எடு. ஆரிட சாமான் ஆருக்கெண்டு தெரியாம ஒண்டையும் தொட ஒண்ணா."

சீப்பு, செம்பு, திருவிழாக் கடையில் வாங்கிய கிலுகிலுப்பை, ஒற்றைக் கொலுசு என்று ஒவ்வொன்றையும் அக்கா தனித்தனித் துணியில் முடிந்தார். பெயரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இதுல மூண்டு பேரை இந்தக் கையாலதான் ஏந்தி எடுத்தன் தம்பி. பேரைப் பிழையா எழுதிப் போடாத" என்றார். மூவரில் ஒருத்திக்கு அப்போது ஏழு வயது.

பல குடும்பங்களால் அந்தச் சாமான்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எறியவும் மனம் வரவில்லை. எல்லாம் அக்காவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பிறகு ஊர்ப் பெரிய வயற்காரரான போடியார் ஒருவர் வாவிக்கரையிலிருந்த தமது களஞ்சிய அறையைக் கொடுத்தார். அதை நினைவு மண்டபமாக்கிக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பெயர் எழுதினோம். போடியார் தலைவர், நான் காரியதரிசி, கதவைத் திறந்து பூட்டும் பொறுப்பு வேலை ஓய்ந்த நேரத்தில் அக்காவுக்கு.

மண்டபத்தின் பெயர் பரவியது. வெளியூர்க்காரர் கார்களில் வந்தார்கள். ஓடு உடைந்தது, கறையான் ஏறியது. ஒரு கூட்டத்தில் போடியார் ஆளுக்கு ஐந்து சதம் கட்டணம் வைப்போம் என்றார். பேராசையால் அவர் அதைச் சொல்லவில்லை. கூரைக்கு எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? நான் ஆதரித்துப் பேசினேன். இறந்தவர்களின் குடும்பத்தாருக்குத் துண்டுச் சீட்டு கொடுத்துவிடலாம், அதைக் காட்டி அவர்கள் இலவசமாக வரட்டும் என்ற யோசனையும் என்னுடையதுதான். அது மிக நியாயமான யோசனை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா கதவோரம் நின்றபடியே கேட்டார்: "பாக்க வாறவனிட்ட வாங்கலாம். அழ வாறவளிட்ட வாங்க ஒண்ணா. வாசல்ல நிக்கிற ஆளைப் பாத்து, இவ பாக்க வந்தவ, இவ அழ வந்தவ எண்டு நீங்க எப்பிடிப் பிரிப்பீங்க?"

"அதுக்குத்தானே அக்கா துண்டு" என்றேன்.

"ஓ! இனி அழுறதுக்கும் துண்டு வேணுமாக்கும்."

தீர்மானம் நிறைவேறியது. நான்தான் எழுதினேன்.

நுழைவு ரிக்கற் விற்க வாசலில் மேசை போட்டு ஓர் ஆளையும் வைத்தோம். மூன்றாம் வாரம் தெய்வானை வந்தாள். வாவிக்கு அப்பாலிருந்து வந்த கூலிக்காரி. அந்த ஒற்றைக் கொலுசு அவள் வளர்த்த பிள்ளையுடையது. பெற்றவள் அல்லள், இறந்துபோன தங்கையின் மகளை எடுத்து வளர்த்தவள். குடும்பப் பட்டியலில் நான் தகப்பனின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அவளிடம் துண்டு இல்லை. காசும் தோணிக்கு மட்டுமே இருந்தது. வாசற்காரன் மறித்தான். அவள் சண்டை போடவில்லை. திரும்பி வீதிக்குப் போய்ப் பூவரச மரத்தடியில் நின்றாள்.

அக்கா உள்ளேயிருந்து அதைக் கண்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கொலுசை எடுத்து மேசையைத் தாண்டி நடுவீதிக்குப் போய் அவள் கையில் வைத்தார். "இந்தா கா, வைச்சிரு. எவ்வளவு நேரமெண்டாலும் வைச்சிரு" என்று பக்கத்திலேயே நின்றார். வாசற்காரன் ஓடிப்போய்ப் போடியாரிடம் சொன்னான்.

அக்காவைப் பொறுப்பிலிருந்து விலக்கும் கடிதத்தையும் நானே எழுதினேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"உன்ட எழுத்து வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆர் சொன்னாலும் ஒரே மாதிரி வடிவா எழுதுவாய் போல."

அந்த வார்த்தையோடு வீடு போனேன்.

அதற்குப் பிறகு அவரை நகரில் அதிகம் காணவில்லை. ஆஸ்பத்திரி விடுமுறை நாட்களில் தோணியிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்பது ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்தது. மண்டபத்து வாசலில் பெருங்கூட்டம். வயல் வட்டைகளிலிருந்து வந்தவர்கள், கரையோர மீன்பிடிகாரர், முக்காடிட்ட பெண்கள் சிலர். முன்னால் அக்கா. போடியார் வண்டியை விட்டிறங்கினார்.

"என்ன ஞானம்மா, சண்டைக்கு ஆள் சேத்து வந்திருக்கிறாயோ?"

"சண்டை எதுக்கு? தங்கட சாமானைக் கொண்டுபோக வந்திருக்காங்க."

"அதெல்லாம் இப்ப மண்டபத்துச் சொத்து."

"குடுத்தவங்க இஞ்ச நிக்காங்க. கேட்டு எழுதினவன் அங்க நிக்கான். அவனைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிவுப் புத்தகம் என் கையில் இருந்தது. அதில் 'பெற்றுக்கொண்டது' என்று மட்டுமே எழுதியிருந்தேன். கொடையாகவா, வைத்திருக்கவா என்று எழுதவில்லை. ஒரு சொல்லில் அதை எப்பக்கமும் திருப்பியிருக்கலாம். போடியாரின் தயவில்தான் என் தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கவிருந்தது. அக்கா என்னைக் கெஞ்சவில்லை, முறைக்கவுமில்லை.

"அவங்க கொடையாக் குடுக்கல்ல" என்றேன். "வைச்சிருந்து தாறம் எண்டுதான் நாங்க வாங்கினம்."

என் குரல் நடுங்கியது என்று பிறகு சொன்னார்கள். தம்பிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் பெயரை வாசித்தேன். அக்கா எடுத்துக் கொடுத்தார். காத்தான்குடிக் காப்பு வியாபாரி ஒருவரும் அந்தத் தோணியில் போனவர். அவருடைய மனைவி காப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அல்லா உனக்கு நல்ல கபுறைத் தருவான் ஞானம்மா" என்றார். கபுறு என்றால் புதைகுழி. அக்கா வாய்விட்டுச் சிரித்தார்: "இப்பவே அனுப்பிப் போடாத கா, வேலை கிடக்கு!" மதியத்துக்குள் மண்டபத்தில் வெறும் கண்ணாடிப் பெட்டிகளும் சுவரில் போடியாரின் படமும் மிஞ்சின. மறுநாள் ஐந்து சதம் கொடுத்து உள்ளே போன வெளியூர்க்காரர் ஒருவர் வெளியே வந்து, "இவர் எந்தத் தோணியில் போனவர்?" என்று படத்தைக் காட்டிக் கேட்டாராம். ஊர் சிரித்தது.

ஒரு மாதம் பொறுத்துப் போடியாரே அக்காவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "கூரைக்கு என்ன செய்யச் சொல்றாய்?" என்று கேட்டார். "ஊரைக் கேளுங்க. வாசல்ல கேளாதீங்க" என்றார் அக்கா. மேசை போயிற்று. சாமான்கள் திரும்பி வந்தன. அறுவடைக்குப் பின் வட்டைக்கு வட்டை நெல் சேர்த்துக் குடும்பத்தாரே ஓடு மாற்றினார்கள்.

எல்லாம் திரும்பி வரவில்லை. தெய்வானை கொலுசைக் கொண்டுவரவேயில்லை. கேட்டு வரட்டுமா என்றேன். "அது அவட பிள்ளைட சாமான். நீ ஆர் கேக்க?" என்றார். அந்தப் பெட்டியில் பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது.

அக்கா எப்போதும் சரியாகவே நடந்தார் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து திட்டுவார். விரும்பியவர் விரும்பிய காசைப் போட நான் ஒரு பெட்டி வைத்தேன். அதைத் தூக்கி வெளியே வைத்தார். "பெட்டியைக் கண்டா இல்லாதவ கூசுவா" என்றார். ஓடு மாற்றுவதற்கு முந்திய மாரியில் ஒழுக்கை அடைக்கப் பணமில்லாமல் ஒரு கலியாணச் சேலை நைந்துபோனது. அந்தச் சேலைக்குரிய தாயின் வீட்டுக்கு நடந்துபோய், "என்ட பிடிவாதத்தாலதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு வந்து தாமே ஏறி ஓட்டைச் சரிசெய்தார். பெட்டியை மட்டும் திரும்ப வைக்க விடவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்து நடத்திய அடக்கத்துக்குப் போயிருந்தேன். சேமக்காலைக் கல்லறைகளின் நடுவே எல்லா ஊராரும் எல்லா மதத்தாரும் நின்றார்கள். மண் போட்டுத் திரும்பும்போது மண்டபத்தின் இன்றைய தலைவர், காலஞ்சென்ற போடியாரின் மருமகன், என் தோளில் கை வைத்தார்.

"பாவம், நல்ல மனுசி. இனித் தடுக்க ஆளில்லத்தானே? யுத்தத்தால எல்லாம் விலை. வாற கூட்டத்தில பத்துச் சதம் எண்டு தீர்மானத்தை எழுதி வைங்க."

"எழுத மாட்டன்" என்றேன்.

"என்ன?"

"நான் எழுத மாட்டன். வேற ஆளை வைச்சு எழுதினீங்க எண்டா, ஊர் ஊராப் போய்ச் சொல்லுவன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். குரல் இம்முறை நடுங்கவில்லை.

ஞானம்மா அக்காவை அறிந்தவர்களே, அவருக்குக் கல் நாட்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். அதற்கு முன் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வாசலில் வந்து நில்லுங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரேயொரு சொல். 'மாட்டன்' என்பது அது. அதைச் சொல்லப் பழக எனக்கு அரை ஆயுள் பிடித்தது. இனி அதை விடுவதாக இல்லை.