ஒன்றரை வயசுக்கு எதற்கு வாணவேடிக்கை?

போன வாரம் வெள்ளானூரில் ஆடித் திருவிழா. என் அக்கா மகன் பிரபுவுக்கு அது மாமியார் ஊர். மனைவி கவிதா, ஒன்றரை வயது மகள் யாழினி சகிதம் பூந்தமல்லியிலிருந்து கிளம்பியவன், முகப்பேர் வந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான். கூழ் குடித்தோம், அம்மனைக் கும்பிட்டோம். எல்லாம் நன்றாகத்தான் போனது... வாணவேடிக்கை ஆரம்பிக்கும் வரை!

வெடி வைக்கும் இடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கயிறு. அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தக் கயிற்றை ஒட்டி முதல் வரிசையில் யார் என்று நினைக்கிறீர்கள்? கைக்குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள்! விவரம் தெரிந்தவர்கள் பத்திரமாகப் பின்னால் நின்றார்கள்.

"டேய், குழந்தைய எங்கிட்ட குடு. நான் கார்ல உக்காந்துக்குறேன்" என்றேன்.

"சும்மா இரு சித்தி. இப்பவே பழகிக்கினாத்தான் பயம் போவும். எங்கப்பா என்னை இப்டித்தான் தூக்கினு வந்தாரு."

பயம் போக்குகிறார்களாம்! நாய்க்குப் பயப்படும் குழந்தையை, நாயை விட்டுக் கடிக்கவைத்துப் பழக்குவார்களோ?

முதல் அதிர்வேட்டுக்கு என் நெஞ்சே குலுங்கியது. யாழினியைப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது — சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் அப்பன் தலைமுடியைப் பிடித்திருந்தாள். அவனோ ஒரு கையில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் செல்போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா சித்தி? அழுவவே இல்ல! செம தில்லு!"

பயத்தில் குரலே அடைத்துப்போகும் என்று இந்த அறிவாளிக்கு யார் சொல்வது? நான் கூச்சல் போட்டுக் குழந்தையைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, "சிங்கக்குட்டி!" என்று பாராட்டுகளும் வந்துவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த குரூப்பை விட்டே வெளியேறினேன்.

மறுநாளிலிருந்து சிங்கக்குட்டி, குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது. சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கவிதா அழுதுகொண்டே போன் செய்தாள். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, காதுக்கு ஒன்றுமில்லை, பயம்தான் என்றாராம்.

அன்று சாயங்காலம் நானும் பிரபுவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி பள்ளிவாசலுக்கு மந்திரிக்கப் போனோம். குழந்தை பயந்துவிட்டால் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நம் பக்கத்தில் அங்கேதானே போகிறோம்? தொழுகை முடிந்து வருகிறவர்கள், வாசலில் நிற்கும் குழந்தைகள் மேல் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒருவர் யாழினியின் தலையைத் தடவி, "பாப்பா எதைப் பாத்து பயந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியல பாய். எதையோ பாத்து பயந்துகீது" என்றான் பிரபு.

எதையோவாம்! பேயா, பிசாசா? தோளில் ஏற்றி முதல் வரிசையில் நிறுத்தியவனுக்குத் தெரியாதாம்!

"வெடிய பாத்துதான் பாய். இவன்தான் தூக்கினு போய் காட்டுனான்" என்று போட்டு உடைத்தேன். அவர் பிரபுவை ஒரு பார்வை பார்த்தார். ஓதி ஊதிவிட்டுப் போனார்.

நாமே பயமுறுத்துவோம், நாமே மந்திரிப்போம். அடுத்த ஆடிக்கு மறுபடி தோளில் ஏற்றுவோம். என்ன ஜென்மங்களோ நாம்!

திரும்பும் வழியில், ஏதோ கட்சிப் பிரமுகரை வரவேற்கச் சரவெடி கொளுத்தினார்கள். பிரபுவின் இடுப்பிலிருந்த யாழினி அலறினாள். பயந்த குழந்தை என்ன செய்யும்? அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளும். இவள் அவன் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளிவிட்டு என் மேல் பாய்ந்தாள்.

"செல்லம், அப்பாகிட்ட வாடா..." கையை நீட்டினான். அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னா சித்தி... எங்கிட்ட வரமாட்டேங்குறா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. முதுகில் தட்டி ஆறுதல் சொல்லலாமென்றால்... என் ஒரு கையில் குழந்தை, இன்னொரு கை அவள் காதைப் பொத்தியிருந்தது.