நான்கு விரல் இடம்

அஞ்சலி பேனர் செய்யும்போதெல்லாம் சதாசிவம் அண்ணன் கணினித் திரையின் அடியில் வலது கையின் நான்கு விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்ப்பார். இறந்தவரின் படம், பெயர், தோற்றம், மறைவு எல்லாம் அதற்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். விரல் பட்டுப் பட்டுத் திரையின் அந்த இடம் மட்டும் எண்ணெய் படிந்து மங்கியிருக்கும். அந்த இடம் ஐரிஷ்காரருக்கு.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் அவருடைய அச்சுக்கடைக்கு அடுத்த கடையில் நான் கைப்பேசி பழுது பார்க்கிறேன். பேச்சு குறைவு, கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பண்டார் தெங்காரா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். குலை வெட்டி முதுகு போன பிறகு இங்கு வந்து, இரண்டு விரலால் தமிழ் தட்டச்சு கற்றவர். ஆங்கிலம் வாசிக்க வராது. அதற்கு மகன் சுகுமாறன் இருந்தான்.

சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து, காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி நேரே கடைக்கு வருவான். கால் நீட்டி உட்கார்ந்து, அட்டை கிழிந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பிரிப்பான். பேர்போன ஐரிஷ் எழுத்தாளர் ஒருவரின் கிண்டலும் ஞானமும் கலந்த பொன்மொழிகள்.

"இன்னிக்கி யாருப்பா?"

"பஸ் ஓட்டுன மணியம். தன் கல்யாணத்துக்கே லேட்டா போன ஆளு."

சுகுமாறன் பக்கங்களைப் புரட்டுவான். "இருக்குப்பா. தட்டுங்க. 'எல்லாவற்றுக்கும் தாமதமாக வந்தவர், இதற்கு மட்டும் முந்திக்கொண்டார்.'"

"அலமாக்! அந்த ஊர்லயும் நம்ம மணியம் மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான் லா!"

வாய் ஓயாத காளியம்மாவுக்கு வந்த வரி: 'அவர் பேச்சு நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.' பேனரைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தார்கள். அதன்பின் துக்க வீட்டுக்காரர்கள் கேட்டே வாங்கினார்கள்: "அந்த ஐரிஷ்காரர் வரி ஒண்ணு போட்ருங்கண்ணே."

மார்ச்சில் ஒரு மழைக் காலை, பாலத்துக்கு இந்தப் பக்கம், லாரி ஒன்று சுகுமாறனை அடித்துவிட்டுப் போனது. வயது இருபத்தேழு.

பதினான்காம் நாள் அண்ணன் கடையைத் திறந்தார். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு பேனர் வேண்டும். மகனின் படத்தை வைத்தார், பெயரைத் தட்டினார். திரையில் நான்கு விரல்களை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீதான் கவிதையெல்லாம் படிக்கிறியே. அவனுக்கு ஏத்த மாதிரி ஒரு வரி எடுத்துக் குடு."

இரண்டு நாள் அவசரமாகப் புரட்டினேன். கல்யாணம், விருந்து, பணக்காரச் சீமாட்டிகள், நாடக மேடை. இருபத்தேழு வயதில் சாலையில் கிடந்தவனுக்கு எதுவும் இல்லை. கருமக்கிரியைக்கு முந்தைய மாலை, வேறு வழியின்றி நானே ஒன்று எழுதி, ஐரிஷ்காரர் சொன்னதென்று நீட்டினேன்: 'பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது ஒரு காலை.'

அண்ணன் இரண்டு முறை வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரு பேசுற மாதிரி இல்லையே தம்பி."

பின்னால் நின்ற அவர் மனைவி புஷ்பவள்ளி அக்கா வெடித்தார். "யாரு மாதிரி இருந்தா என்ன? ஊருல செத்தவங்களுக்கெல்லாம் போட்டீங்க. எம்புள்ளைக்கு மட்டும் மொட்டையா விடுவீங்களா?"

"வேற யாராச்சும் சொன்னத அவன் தலைக்குக் கீழ போட முடியாது புஷ்பா. ஐரிஷ்காரரு சொல்லணும். அவருக்கே வார்த்தை வரலன்னா, விட்ரு."

பேனர் அடியில் நான்கு விரல் வெள்ளையோடு அச்சாகி வந்தது. அக்கா அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"நீயே வச்சுக்க. எனக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்ல" என்று அண்ணன் புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டார். இப்போதெல்லாம் அஞ்சலி பேனர்களில் அவர் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. பெயரும் தேதியும் கடைசி வரை இறங்கிவிடுகின்றன.

மூன்று மாதம் கழித்துதான் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். தாமதமாக வந்தவர் அதில் இல்லை. பெரிதாகிப்போன வீடு இல்லை. சுகுமாறன் வாசித்துச் சொல்லி பேனர்களில் ஏறிய முப்பத்தொரு வரிகளில் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை.