எட்டாவது கேமரா

நகரியில் கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு. ஒரு விசைத்தறி ஷெட்டில் எட்டு கேமரா கேட்டார்கள். நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் அனுப்புகிற சுவிட்ச் வாங்கத் திருப்பதிக்குப் போனேன். மொத்தம் எத்தனை வாட்ஸ் இழுக்கும், கூட்டிப் பார்த்தீர்களா என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக இதே வேலை செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வயர் சொருக எட்டு ஓட்டை, எட்டு கேமரா, கட்டிக் கொடுங்கள் என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் ஓட்டையைத்தான் எண்ணுவோம். ஓட்டைக்கு முப்பது வாட்ஸ் வரை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. கீழே இருந்த பொடி எழுத்தை நான் படிக்கவில்லை.

மாட்டிய மறுவாரமே தகராறு. நூல் லாரி வரும்போதெல்லாம் நூல் அறைக் கேமரா மட்டும் அணைந்தது, கொஞ்ச நேரத்தில் தானே வந்தது. வயரைச் சோதித்தேன், கேமராவை மாற்றினேன், ஒரு குறையும் தெரியவில்லை.

"என் வேலைல தப்பு இல்லீங்க. யாரோ வயரை இழுத்துக்கினு இருக்காங்க," என்றேன் முதலாளியிடம்.

நூல் அறையைப் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு பெண். "நான் அதுகிட்டகூட போலண்ணா," என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். நூலை எடுக்கத்தான் கேமராவை அணைக்கிறாள் என்று மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த லாரி வந்தபோது முதலாளி ஊரில் இல்லை. நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எட்டில் ஒன்று, வண்டி வந்தால் தானே திரும்பிப் பார்க்கிற வாசல் கேமரா; அந்தப் பெரிய கேமரா லாரியோடு திரும்பியது. உடனே நூல் அறைக் கேமராவின் வயர் சொருகியிருந்த எட்டாவது ஓட்டையின் விளக்கு அணைந்தது. அப்போதுதான் பொடி எழுத்தைப் படித்தேன்: எல்லா ஓட்டைக்கும் சேர்த்தே அறுபது வாட்ஸ். ஏழு சின்ன கேமராவுக்கு ஆறு ஆறாக நாற்பத்திரண்டு, பெரியது திரும்பும்போது இருபத்தைந்து. கூட்டினால் அறுபத்தேழு. பற்றாமல் போனால் இந்த சுவிட்ச் கடைசி ஓட்டையைத்தான் நிறுத்தும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. வெட்கத்தில் காது சுட்டது.

அன்றைக்கே பெரிய சுவிட்ச் வாங்கி வந்து மாட்டிவிட்டேன். ஊரிலிருந்து திரும்பிய முதலாளியிடம் சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார். "பாத்தியா, அந்தம்மா போனதும் எப்படி ஓடுது." நான் தலையாட்டினேன்.

போன மாதம் வடமாலபேட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது அவளைப் பார்த்தேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, அந்தக் கேமரா இப்போ நிக்காம ஓடுதா?"

"ஓடுது," என்றேன்.

"அப்போ நான்தான் நூலைத் திருடினேன்னு சொல்லிக்கினு இருப்பாங்க," என்றாள்.

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.