முறை வைக்கிறவளின் பொங்கல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் மகள் எம்.டி. முடித்த டாக்டர். இதை எழுதும்போதே மீசையை முறுக்கிக்கொள்கிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

தஞ்சாவூரில் அவள் படிப்பை முடித்ததும், பேராசிரியர் அவளை ஒரு வருடம் சீஃப் ரெசிடென்டாக இருக்கச் சொன்னார். எந்தச் சின்ன டாக்டருக்கு எந்த நாள் டூட்டி என்று பட்டியல் போடுவது, அவர்கள் சண்டையைத் தீர்ப்பது, வார்டில் ஏதாவது தவறினால் முதல் திட்டை வாங்கிக்கொள்வது, அதுதான் வேலை. அதே வாரம் தனியார் மருத்துவமனை ஒன்றும் அவளைக் கூப்பிட்டது. இந்த மாதமே வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள்.

என் மைத்துனர் பள்ளிக்கூட ஆசிரியர். "ஒரு வருஷம் தண்டம் அத்தான். லிஸ்ட் போடறதுக்கா இவ்வளவு படிச்சா? நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

"அந்த உத்தியோகம் எனக்குத் தெரியும். நானே பாத்திருக்கேன்."

"நீங்க எப்ப டாக்டரானீங்க?"

சிரித்துக்கொள்ளட்டும். நான் குத்தகைக்கு உழுத நாளில், எங்கள் ஊர் மிராசுதாரும் குத்தகைக்காரர்களும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தது. இன்று இந்த வயலுக்கு, நாளை அந்த வயலுக்கு என்று மடை திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் வசவுதான் கிடைக்கும். ஒருவரும் வரவில்லை, நான் போனேன். எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு: முறை வைக்கிறவன் வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர். என் குத்தகை நிலத்தில் பயிர் பாதி கருகிப்போனது. ஆனால் பின்னால் மிராசுதார் நிலத்தை விற்க வந்தபோது, பத்துப் பேர் கேட்டும் எனக்குத்தான் கொடுத்தார். "தண்ணியில கை வைக்காதவன் சொன்ன சொல்லையும் காப்பாத்துவான்" என்றாராம். இன்று நான் நிற்பது அந்த மண்ணில்தான்.

மகளிடம் போய், "ஏத்துக்கம்மா" என்றேன்.

"நேத்தே ஏத்துக்கிட்டேன்ப்பா" என்றாள்.

மருத்துவமனை சொன்னபடியே வேறு ஆளை வைத்துக்கொண்டது.

பொங்கல் நெருங்கியது. சொந்தபந்தம் எல்லோரையும் அழைத்திருந்தேன். டாக்டர் மகளைக் காட்ட வேண்டாமா? அவளோ போனில், "அன்னைக்கு எனக்கு டூட்டிப்பா" என்றாள்.

"லிஸ்ட் போடறதே நீதானே. பேரை மாத்திடு."

"உங்க வயலுக்கு மொத நாள் தொறந்தீங்களா?"

என் வாயை அடைக்க ஒருவரும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். போனை வைத்துவிட்டேன். பொங்கலன்று இலை முன் உட்கார்ந்த மைத்துனர், "சீஃப் வரலியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"சீஃப்புங்கறதாலதான் வரல. சாப்பிடுங்க" என்றேன்.

வருடம் முடிந்ததும் அந்த மருத்துவமனை முதலாளியே மகளைக் கூப்பிட்டுப் பேசினார். அவரிடம் இருந்த டாக்டர்கள் பண்டிகை நாளில் வருவதில்லை, பட்டியலை மதிப்பதில்லை. பொங்கலன்று தன் பேரையே போட்டுக்கொண்டு நின்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார். பட்டியல் தன் கையில்தான் இருக்க வேண்டும், முதலாளியே சொன்னாலும் மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மைத்துனர் வீட்டுக்குப் போனேன். காபி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

"அதிர்ஷ்டம் அத்தான்" என்றார்.

அதிர்ஷ்டமாம். முதலாளி கூப்பிடாமலே போயிருந்தாலும் அவள் செய்தது சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த பொங்கலுக்கும் அவள் வரவில்லை. அவளுக்கு ஓர் இலை போட்டு வைத்தேன். மைத்துனர் அதைப் பார்த்தார், தன் இலைக்குத் தண்ணீர் தெளித்த கையோடு அதற்கும் தெளித்தார்.